அட்வான்ஸ் கொடுத்த காணி: மேலே போவதா, கையை விடுவதா?

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரத்தில் காணி விற்பனைப் பலகைகள் அங்கங்கே தென்படுகின்றன. ரிவர்ஸ்டன் காற்றையும் பனியையும் பார்க்க, பிட்டவல பத்தனையில் நடக்க, சேர எல்ல நீர்வீழ்ச்சியில் குளிக்க வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு, ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத சரிவுக்கும் விலை வந்துவிட்டது. நமது தோட்ட மக்களும் வாங்குகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து லயத்துக் காம்பிராவில் வாழ்ந்தவர்களுக்கு, 10 பேர்ச்சஸ் என்றாலும் சொந்தமாக வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் சர்வீஸ் முடித்தவரின் ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சர்வீஸ் காசு எல்லாம் கைக்கு வருகிற அந்த ஒரு மாதத்தில்தான் தரகர்களும் லயத்தைத் தேடி வருகிறார்கள்.

காசு கொடுக்கும் முன் நம்மிடம் வந்து கேட்பவர்கள் குறைவு. கொடுத்துவிட்டு, ஏதோ ஒன்று இடறுகிறது என்று தெரிந்த பின் வருபவர்களே அதிகம். "அய்யா, அட்வான்ஸ் குடுத்தாச்சு. இப்ப வேணாம்னு சொன்னா காசு போயிருமே, என்ன செய்றது?" இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு காணி 12 இலட்சம் ரூபாய். அட்வான்ஸ் 3 இலட்சம் கொடுத்தாகிவிட்டது. பிறகு உறுதியில் ஒரு கோளாறு தெரிகிறது. "3 இலட்சத்தை விட மனசு வரல்ல" என்று மிச்சம் 9 இலட்சத்தையும் கொண்டுபோய்க் கட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 3 இலட்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அது தனி வேலை. இன்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் கையில் இன்னும் இருக்கிற 9 இலட்சத்தைப் பற்றித்தான். ஆகவே வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இப்படிப் பேசிப் பாருங்கள்: இதுவரை ஒரு சதமும் கொடுக்கவில்லை, இந்தக் கோளாறு மட்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டால், இந்தக் காணிக்கு இன்று காசு கட்டுவோமா? "மாட்டோம்" என்று பதில் வந்தால் கொடுத்த அட்வான்ஸ் அந்தப் பதிலை மாற்றக் கூடாது.

காசு மட்டுமல்ல, வெட்கமும் ஒரு காரணமாக நிற்கிறது. சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, நல்ல நாள் பார்த்தாகிவிட்டது, பக்கத்துக் காம்பிராக்காரர் என்ன நினைப்பார் என்பார்கள். பக்கத்துக் காம்பிராக்காரர் இரண்டு வாரம் பேசுவார். இல்லாத காணிக்கு வழக்குப் பேசினால் மாத்தளைக் கோட்டுக்கு ஏறி இறங்கியே வருடங்கள் போய்விடும்.

எந்தத் தாளில் கையெழுத்து வைத்தீர்கள்?

விலகுவதா இல்லையா என்று யோசிக்கும்போது நாம் முதலில் கேட்பது இதைத்தான். இலங்கையில் காணியை விற்பதானாலும், விற்பதாக உடன்படிக்கை செய்வதானாலும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் சட்டத்தில் செல்லும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். கோப்பித் தோட்டம் போட வெள்ளைக்காரர்கள் காட்டை ஏக்கர் 5 சிலிங்குக்கு வாங்கிக் குவித்த காலம் அது. பின்னர் கோப்பி விலை விழுந்து, 1847 அளவில் பலர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். காணி ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு காசு போட்டவர்கள் நாம் மட்டும் அல்ல!

சட்டம் இப்படி இருக்க, நமது ஆட்கள் பலரிடம் இருப்பது முத்திரை ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள். "காணிக்காக இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று நாலு வரி இருக்கும். இந்தத் தாளை வைத்து "காணியை எழுதித் தா" என்று வழக்குப் போட முடியாது. ஆனால் அது குப்பையும் அல்ல. காசு கை மாறியதற்கு அதுவே அத்தாட்சி. விற்பவர் எழுதித் தர மறுத்தாலோ, எழுதித் தரும் உரித்து அவருக்கே இல்லாவிட்டாலோ, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க அது உதவும். அதே நேரம், விற்பவர் சுத்தமான உரித்தோடு எழுதித் தரத் தயாராக நிற்க, நாமாக மனம் மாறி "வேண்டாம்" என்றால் அட்வான்ஸ் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கை இருந்தால் அதில் ஒரு காலக்கெடு இருக்கும். வாங்குகிறவர் தவறினால் முற்பணம் போகும் என்றும், விற்கிறவர் தவறினால் முற்பணத்தோடு நட்டஈடும் தர வேண்டும் என்றும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். மாத்தளைப் பக்கத்தில் இது அநேகமாகச் சிங்களத்தில் இருக்கும். நொத்தாரிசிடம் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

சில நாடுகளில் கையெழுத்து வைத்த பிறகும் மனம் மாறச் சட்டமே சில நாள் தருகிறது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு வாங்குபவருக்கு 5 வேலை நாள், பிரான்சில் 10 நாள். இங்கே காணி வாங்குகிறவருக்கு அப்படி ஒரு சலுகை நாள் கிடையாது. ஆகவே "பிடிக்கவில்லை" என்பது மட்டும் விலகக் காரணமாகாது. "நீங்கள் தருவதாகச் சொன்ன உரித்து உங்களிடம் இல்லை" என்பது நல்ல காரணம். அதனால் கோளாறு என்ன வகை என்று அறிவது அவசியம்.

தாளால் தீரும் கோளாறு

சில கோளாறுகள் பார்க்கப் பயமாக இருந்தாலும் தீர்க்கக் கூடியவை. காணிக்காரர் இறந்துவிட்டார், உறுதி இன்னும் அவர் பேரிலேயே கிடக்கிறது என்றால், பிள்ளைகளில் மூத்தவர் மட்டும் கையெழுத்து வைத்தால் போதாது. பொதுச் சட்டப்படி விதவைக்குப் பாதி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி. கண்டிச் சிங்களக் குடும்பமானால் கண்டியச் சட்டம் பொருந்தும், கணக்கு மாறும். உரித்துக்காரர் எல்லோரும் உயிரோடு, மனமொத்து, கையெழுத்து வைக்கத் தயார் என்றால் காத்திருக்கலாம். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அட்டோனித் தத்துவம் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அன்றோடு முடிந்தது என்பதை மறக்கக் கூடாது. வயது வராத பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அது நாள் எடுக்கும்.

காணி வங்கியில் ஈடு இருந்தாலும் பயம் வேண்டாம். ஈட்டை மீட்டு, மீட்ட உறுதியும் விற்பனை உறுதியும் ஒரே நாளில் ஒரே மேசையில் கையெழுத்தாகட்டும். "நீங்க காசத் தாங்க, நான் பேங்க்ல கட்டிட்டு வாறேன்" என்றால் மட்டும் உடன்படாதீர்கள்.

பிரிக்கப்படாத பங்கு இதைவிடச் சிக்கலானது. 2 ஏக்கரில் "எட்டில் ஒரு பங்கு" வாங்கினால் அந்தப் பங்கு எந்த மூலையில் என்று சட்டப்படி யாருக்கும் தெரியாது. நீங்கள் வீடு கட்டிய இடம் பிறகு பிரிவினை வழக்கில் இன்னொருவருக்குப் போகலாம். மற்றப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து, நில அளவையாளரை வைத்துப் படம் எடுத்து, பிரிவினை உறுதி எழுதினால் வாங்கலாம். ஒருவராவது முறுக்கிக்கொண்டு நின்றால் நமது ஆலோசனை, விலகுங்கள் என்பதே.

இப்படித் தீரக்கூடிய கோளாறு என்றால் ஒரு தவணை கொடுத்து, அந்தத் தவணையையும் நொத்தாரிசு மூலம் எழுதிப் பதியுங்கள். பதிவு முக்கியம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பதிவுச் சட்டத்தின்படி, முதலில் எழுதி, பதியாமல் பெட்டிக்குள் வைத்த உறுதி, பிறகு எழுதி முதலில் பதிந்த உறுதிக்குத் தோற்றுப்போகலாம். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்பவன் நம்பியிருப்பது இதைத்தான். மாத்தளைக் காணிப் பதிவகத்தில் கட்டணம் கட்டினால் யாரும் பதிவேட்டைப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடப் பதிவைப் பார்க்கச் சொல்லி உங்கள் நொத்தாரிசிடம் கேளுங்கள். உங்கள் நொத்தாரிசு என்றுதான் சொல்கிறோம். தரகர் கூட்டிவந்த நொத்தாரிசு தரகருக்குத்தான் வேலை செய்வார்.

எத்தனை தாள் எழுதினாலும் தீராதது

ரிவர்ஸ்டன் பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடு 2000ஆம் ஆண்டில் பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2007இல் நக்கிள்ஸ் பகுதி சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகவும் வர்த்தமானியில் வந்தது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி இரண்டோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் யுனெஸ்கோ இதைச் சேர்த்தது. இந்த மலைகளில் காட்டு நிழலின் கீழ் ஏலக்காய் போட்டு ஆண்டவர்கள் பலர். அரசாங்கம் குத்தகைக்குக் கொடுத்த துண்டுகளும் இருந்தன, சும்மா பிடித்த துண்டுகளும் இருந்தன. பேணற் காட்டுக்குள் பயிர் செய்யவே இப்போது இடமில்லை. ஆனால் பழைய ஏலக்காய் ஸ்டோரின் சுவரும் பழைய குத்தகைத் தாளும் இன்னும் இருக்கின்றன. அந்தச் சுவரையும் தாளையும் காட்டித்தான் காணி விற்கிறார்கள்.

இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்தவர். அவருடைய ஈ.பி.எப். பணத்தில் இரண்டரை இலட்சம் அட்வான்ஸ் போயிருந்தது. காணி பழைய ஏலக்காய்த் துண்டு. "முப்பது வருசமா ஆளுறாங்க அய்யா, ஆட்சி உரிமை வந்திருச்சாம்" என்று தரகர் சொன்னதை மகன் நம்மிடம் சொன்னார். தனியாருக்கு எதிராக 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை கோரலாம் என்பது உண்மை. அரசாங்கத்துக்கு எதிராக அது செல்லாது. முப்பது வருடமல்ல, மூன்று தலைமுறை ஆண்டாலும் செல்லாது. நாம் நில அளவைப் படத்தைக் கேட்டோம். படம் இல்லை. வன அலுவலகத்தில் இடத்தைக் காட்டிக் கேட்டபோது எல்லைக்கு உள்ளே என்றார்கள். மகனுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. "விலை குறைச்சுத் தாறேங்கிறார், எடுத்துப் போட்டா என்ன?" என்றார். அந்த அம்மாதான் முடிவு சொன்னார்: "இல்லாத சாமானுக்கு என்ன வெல கொறைப்பு?" விலகினார்கள். மத்தியஸ்த சபைக்குப் போய் ஒரு பகுதி பணம் தவணை முறையில் வந்தது. மிச்சம் இன்னும் வரவில்லை. ஆனால் அம்மாவின் மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது.

ரிவர்ஸ்டன் பாதையில் நல்ல உறுதியுள்ள தனியார் காணிகளும் உண்டு. எல்லாமே காடு என்று நாம் சொல்லவில்லை. சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசத்துக்குள் தனியார் காணியே இருந்தாலும், அங்கே என்ன கட்டலாம், என்ன செய்யக் கூடாது என்பதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதேபோல இன்னும் சில இருக்கின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தில் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியையும் சுவர்ணபூமி, ஜயபூமி போன்ற அளிப்புக் காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே இல்லாமல் விற்றால் அந்த உறுதிக்குப் பெறுமதி இல்லை. 2024இல் 'உறுமய' என்ற பேரில் இவற்றை முழு உரிமை உறுதியாக மாற்றும் வேலை தொடங்கியது. "மாத்திக் குடுத்திட்டாங்க" என்பவரிடம் மாற்றிய உறுதியையே காட்டச் சொல்லுங்கள். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கல பல்லேகம பக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களுக்குக் கொடுத்த காணிகளிலும், முதலில் எந்தப் பத்திரத்தின் கீழ் கொடுத்தது என்று பார்க்க வேண்டும்.

தோட்டக் காணி பற்றி நமது ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தோம். ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசாங்கத்துக்குப் போன தோட்டங்களில், 1992க்குப் பிறகு கம்பனிகளுக்குக் கிடைத்தது நிர்வாகமும் குத்தகையும்தான். மண்ணை விற்கும் உரிமை கம்பனிக்கே இல்லாதபோது, லயத்துக் காம்பிராவையோ தேயிலை மலையின் ஓரத்தையோ ஒரு தனி ஆள் எப்படி விற்பார்? தனியார் துண்டாக்கி விற்கிற பழைய தோட்டமானால், அது காணி சீர்திருத்த ஆணைக்குழுவுக்குச் சேர்ந்ததல்ல என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் வராதவரை மிச்சக் காசு கொடுக்கக் கூடாது.

உறுதி சுத்தம், ஆனால் மண் சுத்தமா?

உறுதி நல்லதாக இருந்தும் விலக வேண்டிய காணி உண்டு. மீரியபெத்தையை 2014 ஒக்டோபர் 29க்குப் பிறகு யாரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் திட்வா சூறாவளி மழையில் மாத்தளை உட்பட மலை மாவட்டங்களில் மண்சரிவு என்ன செய்தது என்று நாம் கண்டோம். மாத்தளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதை வீடு கட்டும்போது பார்க்கலாம் என்று விடாமல், உறுதி எழுதுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வீடு கட்ட முடியாது என்று பதில் வந்தால், அந்த 10 பேர்ச்சஸ் உங்களுக்கு எதற்கு? மிளகு போடவா? மிளகு போடுகிற விலைக்கு அதை வாங்கவில்லையே.

புதிதாக உடன்படிக்கை எழுதுகிறவர்கள், "மண்சரிவு அனுமதி கிடைக்காவிட்டால் முற்பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் விலகுவது சண்டை இல்லாமல் முடியும். அந்த வரி இல்லாமல் ஏற்கனவே கையெழுத்து வைத்தவர்கள், அட்வான்ஸ் போனாலும் வீட்டுக்காரரின் உயிரை அந்தச் சரிவில் வைப்பதா என்று யோசிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காசுக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

விலகுவதானால்

பேசாமல் இருந்துவிடுவதுதான் பெரிய பிழை. தரகரின் போனை எடுக்காமல், விற்பவர் வந்தால் பின் கதவால் போய், காலக்கெடு தானாகக் கடந்து போனால், உடன்படிக்கையை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். கோளாறு அவர் பக்கம் இருந்தும் அட்வான்ஸ் போவது இப்படித்தான். காலக்கெடு முடிவதற்கு முன்பே கடிதம் போக வேண்டும். உங்கள் உறுதியில் இன்ன குறை இருக்கிறது, இத்தனை நாளுக்குள் தீர்த்துத் தாருங்கள், நான் வாங்கத் தயாராக இருக்கிறேன், தீர்க்க முடியாவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத வேண்டும். "வாங்கத் தயார்" என்ற வார்த்தை தீர்க்கக்கூடிய குறைக்கு மட்டும். காட்டுக் காணிக்கு அந்த வார்த்தை வேண்டாம், பணத்தை மட்டும் கேளுங்கள்.

கடிதம் சட்டத்தரணி மூலம் போனால் நல்லது. கையில் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம். பணத்தைத் திரும்பப் பெற மத்தியஸ்த சபையில் முறையிடலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. நாளையும் பார்க்க வேண்டும். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட 6 வருடம், எழுத்தில்லாத கொடுக்கல் வாங்கலுக்கு 3 வருடம். வெள்ளைத் தாள்காரர்கள் 3 வருடத்தையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த தீவாளிக்குத் தாறேன்" என்று மூன்று தீபாவளியைக் கடத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விற்பவர் பணத்துக்குப் பதில் வேறு துண்டுக் காணி தருவதாகச் சொன்னால் முதலிலிருந்து எல்லாத் தாளையும் மறுபடி பார்க்க வேண்டும். தவணையில் தருவதாகச் சொன்னால், எந்தத் திகதியில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணமும் கைக்கு வரும்வரை பழைய துண்டையும் உடன்படிக்கையையும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பகுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு "கணக்குத் தீர்ந்தது" என்று கையெழுத்துக் கேட்பார்கள்.

நம்மிடம் வரும்போது கையெழுத்து வைத்த தாள், பணம் கொடுத்த துண்டுகள், வங்கிப் புத்தகம், இருந்தால் நில அளவைப் படம், உறுதியின் பிரதி எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். யாருடைய ஈ.பி.எப். பணமோ அவரும் கட்டாயம் வர வேண்டும். பணம் அம்மாவுடையதாக இருக்கும், பேச வருவது அப்பாவும் மகனுமாக இருக்கும். உறுதியும் அவர்கள் பேரில்தான் எழுதப் பார்ப்பார்கள். அதையும் அன்றே பேசிக்கொள்ளலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபால் கந்தோர் தரும் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள்.